காப்பு அவிழ்க்காத ரதி

காமன் கூத்தில் வேஷக்காரரின் காலில் விழுந்து கும்பிடுகிறவர்கள், மறுநாள் அதே ஆளைப் பார்த்து ஏன் விசில் அடிக்கிறார்கள்? பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்கு விடை தெரியவில்லை.

இலங்கையில் கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருடா வருடம் ரதி வேஷம் கட்டுபவர் சுமித்ரா அக்கா. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் மட்டும் அவர் இருளப்பன். அதனால் ஆண்களோடு கத்தியால் தேயிலைச் செடிகளைக் கழிக்கும் கவ்வாத்து வேலை. "ஒம்போது வருது, வழி விடுங்கடா" என்பதுதான் அவர்களின் காலை வணக்கம். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "மகாராணிக்குத் தனி சீட்டு" என்று அக்கா காலை நீட்டிக்கொள்வார். பெண்களோடு கொழுந்தெடுக்க விடுங்கள் என்று கேட்டுக் கேட்டே எட்டு வருடம் போயிருந்தது.

2004இல் கூத்து முடிந்த மறுநாள், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அக்கா சேலையும் கூடையுமாக வந்து நின்றார்.

"என்னாடா கோலம் இது? போய்க் கத்திய எடு!" என்றார் நல்லையா கங்காணி.

அக்கா கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. விரதத்துக்குக் கோயில் தலைவரான கங்காணியே கட்டிய காப்பு. கூத்து முடிந்ததும் அவரே அவிழ்த்திருக்க வேண்டும், சாராயத்தில் மறந்துவிட்டார். காப்பு இருக்கும்வரை வேஷக்காரர் சாமி.

"ரதி கவ்வாத்துக் கத்தி தூக்குமாங்க கங்காணி?"

"இப்பவே அவுக்கிறேன்!"

"நாள் தப்பி அவுத்தா சாமி குத்தமுங்க," என்றார் கொழுந்தெடுக்கும் தெரேசம்மா. "நான் வேதக்காரி, எனக்கே கைகால் ஒதறுது."

கங்காணியின் கை பாதியில் நின்றது. மகளுக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும் என்று முந்தைய நாள் அந்தக் காலில்தான் விழுந்திருந்தார்.

"சரி, அடுத்த கூத்து வரைக்கும் கொழுந்து மலைக்குப் போ."

"சாமிக்குப் 'போ'வா?"

"போங்க தாயே!"

அடுத்த கூத்துக்குள் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பிறகு யாராவது காப்பை அவிழ்க்கச் சொன்னால், கூடாது என்று தடுக்க முதலில் ஓடிவருபவர் கங்காணிதான்.

2009இல் ஒரு காலை, நைந்துபோன கயிறு தானாகவே அறுந்து பிரட்டுக்களத்தில் விழுந்தது. அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் கயிற்றைப் பார்த்தார், செக்ரோலைப் பார்த்தார்.

"என்னா நிக்கிற சுமித்ரா? மழைக்கு முந்தி கூடைய எடு."

மனுஷியாக வேலை செய்ய ஒருத்தி ஐந்து வருடம் சாமியாக இருக்க வேண்டியிருந்தது. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, ஒருத்தருக்குப் பக்கத்தில் மட்டும் சீட்டு காலியாக இருக்கும் பஸ்ஸில், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள்.