ஒரு ‘ம்’ செய்யவிருந்த வேலை

ராஜபாளையத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் எதிலும் பிடிப்பில்லாமல் போனது. அதை நிம்மதி என்றே நினைத்துக்கொண்டேன். யார் என்ன கேட்டாலும் ‘ம்’ என்பேன்.

போன மாதம் ஒரு காலை, ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்த மனைவி கேட்டாள்: “ஏங்க, கேஸ் வாட வருதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

வாடை எனக்கு நன்றாகவே தெரிந்தது. எழ மனமில்லாமல் ‘ம்’ என்றேன். தனக்குத்தான் தோன்றுகிறது என்று எடுத்துக்கொண்டு அவள் தீப்பெட்டியை எடுத்தாள்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் சன்னல் வழியே கத்தினாள்: “ஆச்சி, குச்சியக் கிழிச்சிராதீக. எங்க வீடு வரைக்கும் கேஸ் நாறுது.”

ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். கதவுகளையெல்லாம் திறந்துவிட்டேன்.

“பள்ளிக்கூடத்துல எந்தப் பய கேட்டாலும் நின்னு பதில் சொல்லுவீக. நான் கேட்டா மட்டும் ஏலமாட்டேங்குதோ?” என்றாள் மனைவி.

உண்மைதான். கேட்டவரைப் பதிலில்லாமல் அனுப்பக் கூடாது என்பதுதான் நான் பெருமையாகக் காத்துவந்த கொள்கை. அதைக் கைவிட்டதில் அவளையே இழக்கப் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். “விருப்பம் வரட்டும்னு காத்திருக்காதீங்க சார். செய்ய ஆரம்பிங்க, அது பின்னால வரும்” என்றார். வருகிறது. இப்போது யார் கேட்டாலும் முகம் பார்த்து முழுதாகப் பதில் சொல்கிறேன்.

நேற்று, “குழம்புல உப்பு சரியா இருக்கா?” என்றாள். ருசித்துப் பார்த்து, கொஞ்சம் குறைவு என்றேன். “வாயத் தொறந்தா குறைதான்” என்று சிரித்துக்கொண்டே உப்பை எடுத்து வந்தாள்.