அப்பாவுக்கு மட்டும் கேட்ட வண்டி

இது நடந்தது. கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. காலையிலிருந்து மருந்துக் கடையில் நின்றுகொண்டு, டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். பேயைவிட அந்தக் கிறுக்கலுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். அப்படிப்பட்ட நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மாலா. ஊர் சங்கரன்கோவில். அம்மா இல்லை. அப்பா, நான், தம்பி அருண்குமார், மூன்று பேர்தான் வீட்டில். அப்பா வெள்ளத்துரை நாற்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது சுத்தமாகக் கேட்காது. முதுகுக்குப் பின்னால் அணுகுண்டு வெடித்தாலும் திரும்ப மாட்டார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தலை வலிக்கிறது என்று கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். சாமிக்கு இப்போது நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

நாம் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தானாக வந்துவிடும். தெருவில் நடக்கவும் அவருக்கு ஒரு வழி இருந்தது. எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் பார்வை தன்னைத் தாண்டிப் போனால், பின்னால் ஏதோ வண்டி வருகிறது என்று ஒதுங்கிவிடுவார். இத்தனை வருடம் அப்படித்தான் தப்பித்து வந்தார்.

போன வருடம் நான் சத்தமே வராத பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். அன்று ஆரம்பித்தது வீட்டில் சண்டை. அருணோ தன் பைக்கின் சைலன்சரை மாற்றி வைத்திருந்தான். கிளப்பினால் நாலு வீட்டுக் குழந்தைகள் எழுந்து அழும்.

"யக்கா, நீ வாரது ஒருத்தனுக்கும் தெரியாது. பூனை மாதிரி வந்து இடிச்சிருவ. என் வண்டி வந்தா தெருமுக்குலயே ஒதுங்கிருவான். சத்தம் இருந்தாத்தான் நடக்கவனுக்கும் பாதுகாப்பு, ஓட்டுதவனுக்கும் பாதுகாப்பு."

"அப்பாவுக்கு உன் சத்தம் கேக்குமாலே?"

"அவருக்கு எதுவுமே கேக்காது. அவர விடு."

"அவர விட்டுட்டு யாருக்குலே பாதுகாப்பு?"

பேச்சை மாற்றுவான். சைலன்சரை மட்டும் மாற்ற மாட்டான். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறிக்கூடம். ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, இதில் சைலன்சர் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? யாரிடம் சொல்ல? எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தச் சித்திரையில்தான் அது தொடங்கியது.

மதியம் பன்னிரண்டரைக்கு நான் சாப்பிட வீட்டுக்கு வருவேன். அப்பாவும் அந்த நேரம் தறியை நிறுத்திவிட்டு நடந்து வருவார். என் வண்டியில் ஏற மாட்டார். உட்கார்ந்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லையாம். மற்ற வண்டி என்றால் உடம்பாவது அதிருமாம்.

அன்றைக்கு நான் தெருவுக்குள் திரும்பும்போது அவர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று வலது பக்கம் ஒதுங்கினார். திரும்பி, போ போ என்று கையைக் காட்டினார். என்னைத்தான் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. எதுவோ தன்னைக் கடந்து போவதைப் பார்ப்பதுபோல, தலை மெதுவாகப் பின்னாலிருந்து முன்னால் திரும்பியது. பிறகு நடந்தார்.

எதிரே ஆள் யாரும் இல்லை. பிறகு எந்த முகத்தைப் பார்த்து ஒதுங்கினார்? வெயிலில் அதை யோசிக்கத் தோன்றவில்லை.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"எவன்ட்டீ அந்த பைக்குக்காரன்? தெனமும் நான் வார நேரத்துக்குத்தான் வாரான். என்னா சத்தம். காது கிழியுது."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"யப்பா... ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? படபடபடன்னு வந்து, தாண்டும்போது ஒரு வெடி வெடிக்கான்."

எழுந்து அவருக்குப் பின்னால் போய் ஒரு தட்டைத் தரையில் போட்டேன். அவர் திரும்பவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. காது திரும்புகிறதோ என்று அடுத்த நாளே லீவு போட்டுத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"சில பேருக்கு உள்ளுக்குள்ளேயே இரைச்சல் கேக்கும். அது வெளியில உள்ள சத்தம் இல்ல."

எழுதிக் கொடுத்த மாத்திரை என் கடையிலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தோம்.

சரி, உள்ளுக்குள் கேட்கும் இரைச்சல். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். ஆனால் அந்த இரைச்சல் ஏன் வீட்டில் வரவில்லை? ஏன் தறிக்கூடத்தில் வரவில்லை? அந்தத் தெருவில், அந்த நேரத்தில் மட்டும் எப்படி வருகிறது?

"யப்பா, அப்படி ஒரு வண்டியே வரல. நான் பின்னாலதான் வாரேன். ஓரமா மட்டும் நடங்க."

"நீ எனக்குக் காது இல்லங்குத. நான் ஒனக்குக் கண்ணு இல்லங்கேன்."

அருணிடம் சொன்னேன். அவன் கவலைப்படுவான் என்று பார்த்தால், "பாத்தியா, சத்தம் கேட்டதும் ஒதுங்குதாருல்லா? அதத்தான் நான் சொன்னேன்" என்றான். அறைந்திருப்பேன். முப்பது வயதாகிறது அவனுக்கு.

ஒதுங்குகிறார், சரி. எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று யாராவது கேட்டார்களா? முதலில் ஓரடி தள்ளி நின்றவர், பிறகு பாதித் தெருவைத் தாண்டினார். ஒருநாள் எதிர்ச் சாக்கடையில் கால் வைக்கப் போனார். "இன்னைக்கு ஒரசிட்டுப் போறான்" என்று சட்டையைத் தட்டிக்கொண்டார். எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. பன்னிரண்டு மணி ஆனால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த மாதம், மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்டை நிறுத்துமே, அந்த நாள். அருண் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு புளியங்குடிக்குப் போய்விட்டான். கரண்ட் இல்லாவிட்டாலும் அறுந்த நூலிழைகளுக்கு முடிச்சுப் போட அப்பா தறிக்கூடத்துக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டரைக்குத் தெருவுக்குள் திரும்பினேன்.

ஒரு தறிகூட ஓடவில்லை. எத்தனையோ வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. என் வண்டியின் டயர் மணலை நெரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் கெஞ்சியதற்காகவோ என்னவோ, இடது ஓரமாக. அவருக்கு இடது பக்கம் சாக்கடையும் சுவரும்தான். நான் வலது பக்கமாக மெதுவாகப் போனேன். ஹாரன் அடிக்கவில்லை. யாருக்கு அடிக்க?

நெருங்கிவிட்டேன்.

அவர் நின்றார்.

தோள் இரண்டும் மேலே ஏறின. தலை குனிந்தது.

பிறகு... இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அணுகுண்டுக்குத் திரும்பாத மனிதர். காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றுமே.

நிழலில் படுத்திருந்த நாய் விருட்டென்று எழுந்து சந்துக்குள் ஓடியது.

என் இடது காலில் சூடாக ஒரு காற்று அடித்தது. பெட்ரோல் வாடை...

அப்பா குதித்தார்.

வலது பக்கம். என் சக்கரத்துக்கு முன்னால்.

பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சறுக்கி நான் விழுந்தேன். சக்கரம் அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கையை ஊன்றி எழுந்தவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவின் கடைசி வரைக்கும் எதையோ பார்வையால் கொண்டுபோய் விட்டார்.

"போயிட்டான்" என்றார். அப்புறம்தான் நான் கிடப்பதைப் பார்த்தார். "ஏட்டி, நீ எப்ப வந்த?"

"ஒங்க பின்னாலதானே வந்தேன்."

"நீ வந்தது தெரியல மக்கா. அவன் சத்தந்தான் கேட்டுச்சு. அவனுக்குத்தான் ஒதுங்குனேன்."

வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் அப்பாவை நானே கொன்றிருப்பேன். ஊர் முழுக்க என்ன சொல்லியிருக்கும்? மாலா வண்டியில் சத்தம் இல்லை, அதனால்தான் என்று சொல்லியிருக்கும். ஒரு சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கியதால்தான் செத்தார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

வீட்டுக்கு வந்து முழங்கைச் சிராய்ப்பைக் கழுவினேன். கால் எரிகிறது என்றார். வேட்டியை விலக்கினேன்.

இடது கெண்டைக்காலில் ஒரு சூடு.

வாரத்துக்கு இரண்டு பேராவது இதே காயத்துக்கு என்னிடம் மருந்து வாங்க வருகிறார்கள். பார்த்தவுடன் தெரியும். நீளவாக்கில், கொஞ்சம் வளைந்து, நடுவில் கொப்புளம். பைக்கின் சைலன்சர் பட்டால் வருகிற சூடு.

பேட்டரி வண்டியில் சைலன்சர் கிடையாது.

சாயங்காலம் அருண் வந்து பார்த்தான். தொட்டுப் பார்த்தான். வாசலில் நின்ற தன் பைக்கைத் திரும்பிப் பார்த்தான். மறுநாள் அவனாகவே போய்ப் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்தான்.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். அந்தத் தெருவில் பைக்கில் போய்ச் செத்தவர்கள் யார் என்று விசாரித்தேன். யாரும் இல்லை. விபத்தும் இல்லை, தற்கொலையும் இல்லை. தெருவில் மூத்தவர்கள் எல்லோரையும் கேட்டாயிற்று. அப்படி ஒருவன் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குப் பக்கத்துத் தறி ஓட்டுகிறவர் மைதீன் பாட்சா. அப்பாவைப் பார்க்க வந்தார். தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது, அவர்கள் சொல்கிற ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கால் காயத்தைப் பார்த்ததும் அவர் மெதுவாகப் பேசினார்.

"கண்ணனுக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு மக்கா."

கண்ணன் எதிர்த் தறிக்கூடத்தில் இருந்தவர். அவருக்கும் காது கேட்காது. போன வருடம் ராஜபாளையம் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். பாவம், லாரி வந்தது கேட்கவில்லை என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன்.

அவர் மனைவி பேச்சியைப் போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லாரிச் சத்தம் கேக்கலன்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் கூடத்தான் நடந்து போனேன். ஏட்டி பைக்கு வருதுன்னு சொல்லிட்டு லாரி பக்கம் ஒதுங்குனாரு. ரோட்டுல பைக்கே இல்ல."

"முன்னாடியே தெரியுமாக்கா?"

"ஒரு மாசமா கேட்டுச்சு அவருக்கு. வெளிய விடாம கதவப் பூட்டுனேன். சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. தாங்க மாட்டாமத் தெறந்து விட்டேன்."

"எதுக்கு அழுதாரு?"

"ஒங்க அப்பாட்டயே கேளு."

வீட்டுக்கு வந்து அப்பாவை எதிரே உட்காரவைத்தேன். கண்ணன் கதையை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படுவார் என்று நினைத்தேன்.

"தெரியும். கண்ணன் எங்கிட்ட சொல்லியிருக்கான்."

"தெரிஞ்சுமா யப்பா போறிய?"

சாமி படத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஒங்க அம்மா சாவும்போது என்னமோ சொன்னா. கண்ணுல தண்ணியா வந்ததுல ஒதடு தெரியல. கேக்கவும் இல்ல. அதுக்குப் பெறவு எனக்கு ஒண்ணுமே கேக்கல ஏட்டி. இப்ப இது ஒண்ணுதான் கேக்குது. அதையும் வேண்டாங்கியா?"

எனக்குக் கோபம், அழுகை, இரண்டும் சேர்ந்து வந்தன. கத்தினேன். அவருக்கா கேட்கப்போகிறது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தறி கிடையாது. காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டார். மணி பத்துகூட ஆகவில்லை. நான் கதவில் சாய்ந்து மறித்துக்கொண்டு நின்றேன்.

"இந்நேரத்துல எங்க கெளம்பிட்டிய?"

"நம்ம வாசலுக்கே வந்துட்டான்ட்டீ. வண்டிய ஆஃப் பண்ணாம நிக்கான். ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாதுல்லா?"