சுத்தமான குளத்துக்கு ஒரு மானியம்

மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். அறிவியல் பாடமும் நான்தான். என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. தோட்டத்துச் சாலை போட மண் எடுத்த பள்ளம் அது. மழை நிரப்பியது, பாசியும் அல்லியும் தாமாக வந்தன, பிறகு தவளை, தும்பி, விரல் நீள மீன்கள். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் அதன் கரையில்தான் கிடப்பார்கள். பாட நேரத்தில் ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்ததைவிட அந்தக் குளத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

ஒரு நாள் தோட்ட நிர்வாகி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மூர்க்காரர்தான், ஆனாலும் எல்லாரும் அவரைத் துரை என்றே சொல்வோம். குளத்தை மூடி உரக் கொட்டகை கட்டப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் படிக்கிற இடம் என்று நான் இழுத்தேன். "படிக்கிற இடம்னா வேலி எங்க, சாமான் எங்க? வெளிய எங்கயாச்சும் பணம் வாங்கி ஒழுங்கா நடத்துங்க, விட்டுடறேன். இந்த வருசத்துக்குள்ள முடியலன்னா மண்ணுதான்" என்றார். எனக்குக் குளத்தின் மேல் ஆசையா, துரையை ஜெயிக்கிற ஆசையா என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன.

இயற்கைக் கல்விக்கு மானியம் கொடுக்கும் ஓர் அறநிறுவனம் கோலாலம்பூரில் இருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். மனுவைத் தட்டெழுதத் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் போனேன். கூரை ஒழுகினாலும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்களின் மனுக்கள் எல்லாம் அவர் தட்டெழுத்து இயந்திரத்தில்தான் பிறக்கும். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கண்ணீரே இல்லையே சார். மனுன்னா பிள்ளைங்க பாவமா இருக்கணும் லா. அப்பதான் குடுப்பாங்க."

நானும் சம்மதித்தேன். சப்பாத்து போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளை மனுவில் வெறுங்காலோடு நடக்க வைத்தோம். லயத்தில் மின்சாரம் இருந்தும் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்க வைத்தோம். "மிகத் தாழ்மையுடன் மன்றாடி" என்று நாலு இடத்தில் வந்தது. கடைசியில் குளத்துக்கு ஒரு செயற்குழு. தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், ஆலோசகர் என்று பதினான்கு பேர். கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு பேர் இல்லை. அந்தப் பதினான்கு பேரில் குளத்தில் கால் நனைத்தவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

பதில் சீக்கிரமே வந்தது. நாலு வரி. உங்கள் பிள்ளைகளிடம் என்ன இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள். ஒரு வாரம் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? துரை கொட்டகை கட்டக்கூடாது, அவ்வளவுதானே!

வேறு வழியில்லாமல் வகுப்பிலேயே கேட்டேன். "அந்தக் குளத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரிஞ்சிக்கணும்?"

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவரின் மகள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் விடமாட்டாள். "மழ இல்லாதப்ப தவளைங்க எல்லாம் எங்க சார் போகுது?"

எனக்குத் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாத கேள்வி கிடைத்துவிட்டது, அதுவே பெரிய காரியம் என்று உடனே எழுதிக்கொண்டேன். பதிலோடு வந்த விண்ணப்பப் படிவத்தில் ஒரு விதியும் இருந்தது. கவனிப்பதும் குறிப்பதும் பிள்ளைகளே செய்ய வேண்டும், ஆசிரியர் சொல்லிக்கொடுத்து எழுதவைக்கக் கூடாது. அதையும் வகுப்பில் நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தேன். "கண்ணால கண்டத மட்டும் எழுதுங்க. நான் சொன்னேங்கிறதுக்காக எதையும் எழுதக் கூடாது." ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தைக் குளக் குறிப்பேடு ஆக்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதுதான் காரணம்.

இரண்டாவது மனுவில் கண்ணீர் இல்லை, செயற்குழுவும் இல்லை. கிராணிக்கு என்மேல் வருத்தம். ஆனால் இந்த முறை வந்த பதிலில், குளத்தைப் பார்க்க ஓர் அதிகாரி நேரில் வருகிறார் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தோட்டத்துக்கு ஒரு பெரிய மனிதர் வந்தால் என்ன செய்வோம் என்பது எங்கள் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். கல்லுக்குச் சுண்ணாம்பு. கால்வாய்க்குத் துடைப்பம். புல்லுக்கு மருந்து. வாசலில் வாழை மரம். நானும் லயத்தில் பிறந்தவன்தான். சிறுவயதில் எத்தனையோ கற்களுக்கு வெள்ளையடித்திருக்கிறேன். வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்களோ இல்லையோ, கற்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆகவே மருந்தடிப்புக் குழுவை மேய்க்கும் மண்டோரிடம் போனேன். பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், தங்கமான மனிதர். "அண்ணே, கோலாலம்பூர்லேருந்து பெரியவங்க வர்றாங்க. குளத்துப் பக்கம் கொஞ்சம் பாத்து சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே."

"கொஞ்சம் என்ன சார், கண்ணாடியா ஆக்கிடுவோம் லா. நம்ம பிள்ளைங்க விசயம்."

மறுநாள் ஞாயிறு. லயமே கோத்தோங் ரோயோங்குக்குத் திரண்டு வந்தது. காசு வாங்காமல் ஊரே சேர்ந்து செய்கிற வேலை என்றால் எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுப்பார்கள். ஆண்கள் இறங்கி அல்லியையும் பாசியையும் வேரோடு பிடுங்கினார்கள். கொசு வரக் கூடாது என்று தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மருந்தடிக்கும் பெண்கள் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து கரையைச் சுற்றி ஒரு புல் விடாமல் அடித்தார்கள். பிறகு சுற்றிலும் கல் வைத்து எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு பூசினார்கள்.

நான் மாலையில்தான் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகாக இருந்தது. தண்ணீரில் என் முகம் தெரிந்தது. மண்டோரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது.

குறிப்பேட்டுக்காரப் பெண் கரையில் நின்றாள். "சார், தவள எங்க?"

"சத்தத்துக்குப் பயந்து எங்கயாச்சும் போயிருக்கும். வந்துரும்" என்றேன். என் கவலையெல்லாம் வரவேற்புத் துணியைக் கோணாமல் கட்டுவதில் இருந்தது.

அதிகாரி திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வழி தவறிச் சுங்கை புரோங் வயல்கள்வரை போய்த் திரும்பியிருந்தார். நரைத்த தலையோடு ஒருவரை எதிர்பார்த்து மாலை கட்டி வைத்திருந்தோம். சிறிய காரிலிருந்து முப்பது வயதுச் சீனப் பெண் ஒருவர் ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். மாலை அவர் முழங்கால்வரை தொங்கியது. சிரித்தபடியே அதைக் கழற்றி வாழை மரத்தில் மாட்டிவிட்டு நேரே குளத்துக்கு நடந்தார். கிராணி எழுதி வைத்திருந்த வரவேற்புரை கிராணியின் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

வெள்ளைக் கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து கண்ணாடிச் சாடியில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். மறுபடி வேறு இடத்தில் மொண்டார்.

"இதில் என்னதான் இருக்கிறது, சிக்கு?" என்று மலாயில் கேட்டார். ஆசிரியரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வெயில் நேரம் பாருங்கள், எல்லாம் அடியில் தூங்கும்" என்றேன். இதைச் சொன்னது நான்தான். அந்த வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவர் குறிப்பேட்டைக் கேட்டார். தமிழ் படிக்க வராது என்று என்னையே மலாயில் சொல்லச் சொன்னார். பழைய பக்கங்களைக் கம்பீரமாகச் சொன்னேன். தவளை பதினொன்று, அதில் ஒன்று மற்றொன்றின் முதுகில். சிவப்புத் தும்பி நான்கு. அவர் தலையாட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அன்று காலையில் எழுதியது. நான் முதலில் மனதுக்குள் படித்தேன்.

"தவளை இல்லை. தும்பி இல்லை. மீன் செத்தது பதினேழு, பெரியவர்கள் அள்ளிப் போடுவதற்குள் எண்ணினோம். மற்றதை எண்ண முடியவில்லை. காரணம், நேற்று மண்ணெண்ணெய் ஊற்றி மருந்து அடித்தார்கள். செய்யச் சொன்னது சார்."

பின்னாலிருந்து கிராணி தமிழில் முணுமுணுத்தார். "மழதான் காரணம்னு சொல்லிடுங்க சார். அந்தம்மாவுக்கு என்ன தெரியும்."

சொல்லியிருப்பேன். வாய் திறந்தும்விட்டேன். ஆனால் என் வகுப்பு முழுவதும் அங்கே நின்றது, அத்தனை பேருக்கும் மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே எழுதியிருந்ததை எழுதியபடியே சொன்னேன், கடைசி வரி உட்பட. இதை யாரும் நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். தப்பிக்க வழி இல்லாமல் சொன்னது.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம், "இப்படி எழுது என்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. சார் சொன்னாங்கன்னு எதையும் எழுதக் கூடாதுன்னு சார்தான் சொன்னாரு" என்று அவள் மலாயில் பதில் சொன்னாள். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு, ஆரஞ்சுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த சில வாரங்கள் நான் பின்பக்க ஜன்னலைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது; அதைவிட அதிகமாக வலித்தது. துரையின் ஆட்கள் வந்து கொட்டகைக்கு அளந்து முளைக்குச்சி அடித்தார்கள். ஏன் என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

பிறகு கடிதம் வந்தது. மானியம் உண்டு. ஆனால் நாங்கள் எழுதியிருந்த திட்டத்துக்கு அல்ல. நஞ்சு பட்ட குளத்துக்கு உயிர்கள் எப்படித் திரும்புகின்றன என்று பிள்ளைகள் மாதாமாதம் கவனித்து எழுத வேண்டும். அதற்கு வேலி, வலை, உருப்பெருக்கிக் கண்ணாடிகள் தருகிறோம். கடிதத் தாளின் கனத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் துரை முளைக்குச்சிகளைப் பிடுங்கச் சொன்னார்.

மாத அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: நீர் கெட்டதற்குக் காரணம். முதல் மாதம் 'மனிதச் செயல்' என்று எழுதி அனுப்பினேன். எந்த மனிதர் என்று கேட்டுத் திரும்பி வந்தது. 'ஊர் மக்களின் ஆர்வம்' என்று மாற்றினேன். குறிப்பேட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அவங்களா செய்யலயே சார்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் என் கையாலேயே 'அறிவியல் ஆசிரியர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முதலில் திரும்பி வந்தது கொசுப் புழு. நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புழுவுக்கா சார் இம்புட்டு சந்தோசம்? அதக் கொல்லத்தான லா மண்ணெண்ண ஊத்துனோம்!" அப்புறம் பாசி, அப்புறம் தும்பி. ஒரு மதியம், பெரிய மழை விட்ட நேரம், பின்னத்தை நான் கரும்பலகையில் வகுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரே ஒரு தவளை கத்தியது. வகுப்பு மொத்தமும் எழுந்து ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியது நான்தான், சாக்கட்டியோடு.

ஆண்டு முடிவில் அதே அதிகாரி, இந்த முறை படம் எடுக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கடிதம் போட்டார். படம் என்றதும் எனக்குள் இருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். மண்டோரிடம் போய், "அண்ணே, குளத்தத் தொடவே வேணாம். கேட் பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. அவருடைய குழுவில்தான் குறிப்பேட்டுக்காரியின் தாயும் வேலை செய்தார்.

மறுநாள் காலை அதிகாரியோடு குளத்துக்குப் போனேன். வேலி வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் ஓர் அட்டை தொங்கியது. அழகான கையெழுத்து. கயிற்றுக்கு உள்பக்கம் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்றது. தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

அதிகாரி அட்டையைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, சிக்கு?" என்று கேட்டார்.

இந்த முறை நான் கிராணி பக்கம் திரும்பவில்லை. எழுதியிருந்ததை எழுதியபடியே மலாயில் சொன்னேன்: "சாருக்கு அனுமதி இல்லை."