பின்சக்கர நட்டில் ஒட்டிய சீட்டு

மாடியில் குடியிருந்தவரைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை நான் மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் காரணம் இருந்தது. மூன்றாவதில் அதை எடுத்துவிட்டேன். காரணம் எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் கிழிந்த சீட்டுகள்தான். இரண்டு மாத அவகாசம், தேதி, கையெழுத்து, என் கோப்புக்கு ஒரு நகல். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டை யாரோ வாராவாரம் தளர்த்திக்கொண்டிருந்தார்கள், அந்த வண்டியில்தான் என் மனைவி பின்னால் உட்கார்ந்து வருகிறாள்.

பட்டாசு ஆலைகளைச் சோதனை செய்யும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கம் நான் நுழையாத ஆலை குறைவு. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போகவேண்டும். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் இரும்பு கூடாது, உரசினால் பொறி பறக்கும். சுத்தியல் மரம், மற்றதெல்லாம் பித்தளை. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படியே செய்கிறோம் என்று அவர்கள் சொன்னதை நம்பாமல் போய்ப் பார்த்தும் இருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு வண்டி வேலையை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மெக்கானிக், நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஆயில் மாற்றிவிட்டதாகச் சொன்னார். அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் கறுப்பாக இருந்தது. அன்றோடு சரி. சிவகாசியில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு ஒரு கொட்டகை அமைத்தேன். மனைவியின் முதுகுக்கு ஒரு சாய்மானம் பொருத்தினேன், முன்விளக்கை எல்.இ.டி.யாக மாற்றினேன். கொட்டகை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்து, மண்ணுக்குள் கம்பி இறக்கினேன். பெட்ரோல் இருக்கும் வண்டியைத் தொடும் முன் அதைத் தொட்டேன். பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "நல்லவேளை, சமையக்கட்டு வாசல்ல ஒண்ணு வைக்கல."

கருவிகளுக்குக் குறைவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஓர் ஆலையில் வார்ப்புப் பித்தளை ஸ்பேனர்கள் ஒரு செட்டு பரிசாகக் கொடுத்திருந்தார்கள். சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தேன். மெக்கானிக் முறுக்கி வைத்திருந்த பின்சக்கர நட்டு முதல் தடவை அசையவே இல்லை. ஸ்பேனரைப் பொருத்திக் காலால் மிதித்தபின்தான் இளகியது. செயின் தொய்வைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டு, நட்டைத் திரும்ப இறுக்கினேன். ஸ்பேனர் இதற்கு மேல் போகாது என்று நிற்கும் வரை இறுக்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது மனைவி முதுகில் தட்டினாள். "ஏங்க, வண்டி பின்னால ஆட்டுதே."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நட்டு தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி தளர்ந்திருந்தது. மூன்றாவது முறை எனக்கு மாடியின் நினைவு வந்தது.

மாடியில் இருந்தவர் தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் போர்மேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர், வாடகை தவறாதவர். அந்த மாதம்தான் ஒப்பந்தத்தை அவர் மனைவி பெயரில் இருந்து அவர் பெயருக்கு மாற்றிப் புதுப்பித்தோம். அவர் போட்ட கையெழுத்தைக் கோப்பில் வைக்கும்போது என் கை நின்றது. முகத்தை மறப்பேன், கையெழுத்தை மறக்கமாட்டேன். பல வருடம் முன்பு ஓர் ஆலையின் மருந்து அறை ஜன்னலில் நான் ஓர் இரும்பு ஸ்பேனரைக் கண்டெடுத்தேன். அதைப் பற்றி நான் எழுதிய அறிக்கையின் அடியில் போர்மேன் என்ற இடத்தில் இருந்த அதே சுழிப்பு. அறிக்கை போன மறுவாரம் அவரை வேலையில் இருந்து நீக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அப்படிப்பட்டவர் என் வீட்டு மாடியையே தேடி வந்து குடியேறியிருக்கிறார். ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனாலும் முறைப்படிதான் செய்தேன். ஓர் அறைக்கு முத்திரை வைப்பதுபோல், நட்டின் மேலும் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தின் மேலும் படும்படி ஒரு சிறு காகிதச் சீட்டை ஒட்டினேன். குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டேன். நட்டு திரும்பினால் சீட்டு கிழியும். ஒரு வாரத்தில் கிழிந்தது. இரண்டாவது சீட்டும் கிழிந்தது. பிறகு சோதனைக்காக நான்கு நாள் வண்டியை எடுக்காமல் கண்காணித்தேன். சீட்டு அப்படியே இருந்தது. நான் கவனிப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் கையை அடக்கிக்கொண்டார் என்று குறித்துக்கொண்டேன்.

மனைவிக்கு இந்தத் தர்க்கம் பிடிபடவில்லை. "அந்த மனுசன் வெள்ளனப் போனா இருட்டுனப்புறம்தான் வாராரு. வந்து சாப்பிடவே நேரமில்ல. உங்க நட்டைக் கனவுல வந்து திருகுறாராக்கும்?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு நட்டைப் பத்தி எம்புட்டுத் தெரியுதுன்னு நானும் வாராவாரம் பின்னால உக்காந்து பாக்கத்தான செய்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

"என்னங்கய்யா, நாங்க ஏதும் தப்பா நடந்துக்கிட்டமா?"

"எல்லாம் கடிதத்தில் இருக்கிறது."

"இதுல காரணம் ஒண்ணும் இல்லையேங்கய்யா." மாடிப் பக்கம் பார்த்தார். "பிள்ளைக்குப் பரீச்சை முடியுற வரைக்குமாச்சும்..."

"இரண்டு மாதம் என்பது முறையான அவகாசம்," என்றேன். அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறினார். கெஞ்சவில்லை, சண்டைக்கும் வரவில்லை. குற்றவாளி இப்படித்தான் இருப்பான் என்று அதையும் அவர் கணக்கிலேயே சேர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நட்டைப் புதிதாக இறுக்கி, புதுச் சீட்டு ஒட்டி, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சாத்தூர் ரோட்டில் பாதி வழியில் பின்னால் கடகடவென்று சத்தம். வண்டி ஒரு பக்கம் இழுத்தது. எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். செயின் கழன்று தொங்கியது. சக்கரம் கோணலாக நின்றது. சீட்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. ஒட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒட்டியதில் இருந்து நான் வண்டியை விட்டு நகரவே இல்லை.

மனைவி இறங்கி, பூக்கூடையைச் சாய்மானத்தில் மாட்டினாள். "இப்ப யாருங்க வந்து திருகுனா? ஓடுற வண்டியில தொத்திக்கிட்டே வந்தாரா?"

அப்போது பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. மாடிக்காரர். வேலை நாளில் அவருக்கு இங்கே என்ன வேலை? செய்ததன் பலனைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கம்பெனி இல்லையா இன்னைக்கு?" என்றேன்.

"இடி மப்பா இருக்குன்னு வேலையை நிறுத்திட்டாங்கய்யா. அப்படியே சாத்தூர்ல ஒரு வீடு இருக்குன்னாக, பாத்துட்டு வரலாம்னு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் செயினைப் பார்த்தேன்.

அவர் குனிந்து சக்கரத்தை ஆட்டினார். ஸ்பேனர் கேட்டார். சிவப்புத் துணியை விரித்தேன். பித்தளையைக் கண்டதும் ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. நட்டில் பொருத்தி அழுத்தினார். வழுக்கியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதோட வாய் விரிஞ்சு கெடக்குங்கய்யா. மொதத் தடவ கழட்டுறப்ப மிதிச்சீகளோ?"

"மிதித்தேன்."

"பித்தளை தாங்காதுல்ல, அப்பவே போச்சு. இது நட்டை இறுக்கல. அழுத்த அழுத்த இதுதான் விரியுது. நீங்க நட்டு இறுகிருச்சுன்னு நெனச்சிருக்கீக."

நட்டுக்கும் ஸ்பேனருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தது. இத்தனை வாரமாக அதை நான் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் வண்டி இருக்கைக்கு அடியில் இருந்து ஓர் இரும்பு ஸ்பேனரை எடுத்தார். என் வாய் தானாகச் சொன்னது: "பெட்ரோல் டேங்க் இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "நடு ரோட்டுல நிக்கோம்யா. மருந்து ரூம்ல இல்ல."

செயினை மாட்டி, சக்கரத்தை நேராக்கி, நட்டு முனகும் வரை முறுக்கினார். நிமிராமலே பேசினார். "அன்னைக்கு ஜன்னல்ல இருந்தது என் ஸ்பேனர்தான். மறந்து வச்சிட்டேன். உள்ள நாலு பொம்பளைக உக்காந்திருந்தாக. நீங்க எழுதுனது சரிதான்."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"வீடு கேட்டு வந்த அன்னைக்கே தெரியும். ரூல் பாக்குற மனுசன், அவர் வீட்ல கரண்டு வயரு ஒழுங்கா இருக்கும்னுதான் வந்தேன்."

பித்தளை ஸ்பேனரைச் சிவப்புத் துணியில் சுற்றினேன். "சாத்தூர் வீட்டைப் பார்க்க வேண்டாம். நீங்கள் இங்கேயே இருங்கள்," என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வாயால சொல்லாதீகய்யா. காலி பண்ணச் சொன்னது எழுத்துல இருக்கு. இதையும் எழுத்துல குடுத்துருங்க. அதுவரைக்கும் வீட்டைப் பாத்து வைக்கேன்." சாத்தூர் பக்கமே வண்டியை விட்டார்.

"உங்ககிட்ட கொஞ்ச நாள் குடியிருந்தா எல்லாரும் இப்படித்தான் ஆயிருவாக," என்றாள் மனைவி, ஏறி உட்கார்ந்துகொண்டே. அன்று இருக்கன்குடி வரை வண்டி ஆடவில்லை. ஊர் எல்லை வருவதற்குள் ஒரு தடவை இறங்கி நட்டைத் தொட்டுப் பார்த்தேன். அது பழக்கம்.

சாயங்காலம் எழுதினேன். முந்தைய கடிதம் ரத்து, குடியிருப்பு முன்போலவே தொடரும், தேதி, கையெழுத்து. மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே அந்தப் பிள்ளை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். கையெழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் காரணம் போடலையேங்கய்யா."

அவரிடம் பேனா வாங்கி, படிக்கட்டுச் சுவரில் தாளை வைத்து எழுதினேன்: பின்சக்கர நட்டு தளர்ந்ததற்குக் காரணம் என்னுடைய ஸ்பேனர். அதன் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அவர் அதையும் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார். நகல் என் கோப்பில் இருக்கிறது.