நம்பர் போட்டு அனுப்பிய லைனும் வார்சாவில் ஒரு ஞாயிறும்

போன அக்டோபரில் வேலை விஷயமாகப் போலந்து போனேன். சுற்றுலாவுக்கு இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்து ஆலையில் நான் பத்து வருடமாக மெயின்டனன்ஸ் பார்த்த உற்பத்தி லைனை மூடி, அதன் மெஷின்களைப் போலந்தில் இருக்கும் இன்னொரு ஆலைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அங்கே திரும்பப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. நம் சோற்றை நாமே பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தலைநகர் வார்சாவைப் பார்த்தேன். போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். குதூகலமான கட்டுரை வேண்டுமென்றால் வேறு பக்கம் பாருங்கள்.

முதலில் இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், எங்கள் லைனில் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன், ஆலைக்குப் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் ரூம். மெஷினைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கத்திலும் பெயின்ட் மார்க்கரால் ஒரே நம்பரை எழுதிப் போட்டோ எடுக்க வேண்டும். நம்பருக்கு நம்பர் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் பூட்டிவிடலாம். இதை நானும் இசக்கியும்தான் செய்தோம். போலந்தில் பூட்ட ஒரு மாதம் ஆகும், பாதியில் இசக்கியும் வருவான், கான்ட்ராக்டும் ஆறு மாதம் நீளும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டான்.

கழற்றும் வேலையின் கடைசி நாள் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, ரெண்டு நம்பர மாத்திப் போட்டுருவோமா? அப்பத்தான் அங்க முழிப்பானுவ. நம்மளக் கூப்புடுவானுவ."

"இன்னாடா பேசற? பத்து வருசமா கை வெச்ச மிஷினு. தப்பா எய்தி அனுப்ப சொல்றியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"சும்மா சொன்னேம்ணே."

போலந்தில் பூட்ட ஆரம்பித்த எட்டாம் நாள், சனிக்கிழமை காலை மெஷின் ஓடிவிட்டது. ஒரு ஒயர்கூட மாறவில்லை. அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள், எனக்கும் பெருமை பிடிபடவில்லை. மாலையில் மெயில் வந்தது: இசக்கி வரவேண்டிய இரண்டாவது குழு தேவையில்லை.

மறுநாள் காலை 7.40 ரயிலில் ஆலை இருந்த ஊரிலிருந்து வார்சாவுக்குக் கிளம்பினேன். 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் பத்து நிமிடம், டிக்கெட் 60 ஸ்லாட்டி. ஒரு ஸ்லாட்டி நம் கணக்கில் இருபத்துநான்கு ரூபாய் இருக்கும். மழை தூறியதால் ஸ்டேஷனிலிருந்து அரண்மனைச் சதுக்கத்துக்கு டாக்ஸி எடுத்தேன். மூன்று கிலோமீட்டர், 24 ஸ்லாட்டி. எவ்வளவு பழைய ஊர் என்று டிரைவரிடம் வியந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய அவர் சிரித்துவிட்டு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "இந்த வீடுகளைவிட என் அம்மாவுக்கு வயது அதிகம்."

உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் பழைய நகரத்தைத் தரைமட்டமாக்கியிருக்கிறார்கள். பிறகு பழைய ஓவியங்களையும், ஒளித்துக் காப்பாற்றிய அளவு வரைபடங்களையும் பார்த்து முன்போலவே எழுப்பியிருக்கிறார்கள். அரண்மனையின் முறை எழுபதுகளில்தான் வந்திருக்கிறது. அருகிலுள்ள பெரிய வீதியில் அந்த ஓவியங்களின் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். படத்தையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் சரி. ஆனால் படத்தில் வண்டிக்காரன் இருந்தான், கூடைக்காரி இருந்தாள், ஒரு நாய் இருந்தது. அந்த வீடுகளில் கடைசியாக இருந்தவர்கள் என்ன ஆனார்களோ. பக்கத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு, ஊரில் மூன்று மணி, இசக்கி கூப்பிட்டான்.

"அண்ணே, சேதி வந்துட்டு. ரூமக் காலி பண்ணுதேன்."

"இன்னா சொல்றதுன்னே தெர்ல இசக்கி."

"மிஷின் மொதத் தடவையே ஓடிச்சாமே? நம்ம நம்பரெல்லாம் அழியாம இருக்கா?"

"அப்டியே கீதுடா."

"நல்லதுண்ணே." பிறகு கேட்டான்: "நாம லைன்ல நிக்க மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க. ஊர்ல காட்டணும்."

சதுக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தேடினேன். எங்கள் ஆலை வாசலில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இந்த வேலைக்கு மட்டும் அனுமதி தந்து, படத்தில் ஆள் வரக்கூடாது என்றார்கள். நான் ஒழுங்காகக் கேட்டு நடந்திருக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் படத்தில் போல்ட், ஒயர், நம்பர். ஒன்றில் மட்டும் 47 என்ற நம்பருக்குப் பக்கத்தில் மார்க்கர் பிடித்த ஒரு விரல். அதை அனுப்பினேன்.

"இது என் கையாண்ணே, ஒங்க கையா?" என்று பதில் வந்தது. எனக்கே தெரியவில்லை. அவனுடையது என்று எழுதினேன்.

போகிறவர்களுக்கு: ஒரு நாள் பஸ், டிராம் பாஸ் 15 ஸ்லாட்டி, முதல் வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை, 38 ஸ்லாட்டி. அக்டோபரிலேயே ஜெர்கின் தேவைப்படும்.

எனக்கு ஒரகடத்தில் வேறு லைனில் இடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேலை செய்தேன் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இசக்கி ஊரில் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அவன் கேட்டபோது இரண்டே இரண்டு நம்பரை மாற்றி எழுதியிருக்கலாம்.