நாலு விருந்தாளிக்கு ஒரு கேட்

எங்கள் பெரியம்மா முத்துக்கனியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். எடுத்தெறிந்து பேசுவாள், ஆள் தராதரம் பார்க்கமாட்டாள் என்பார்கள். உண்மைதான், நானே நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் உடன்குடிப் பக்கம் எங்கள் தேரிக்காட்டில் ஒரு பனைகூட மிஞ்சியிருக்காது. அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். திருச்செந்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மகாராஜனாகிய எனக்குக் கோபம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனது அந்தத் தேரி நிலம்தான். செம்மணல், பனை, கொஞ்சம் கொல்லாமரம், அதாவது முந்திரி. நடுவில் ஒரு தருவை. மழைக்கு நிரம்பி, கோடையில் வற்றிப்போகும் ஏரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதன் கரையில் ஒரு உடைமரத்தடியில் எங்கள் குலதெய்வம் சாஸ்தா இருக்கிறார். கோபுரமும் கிடையாது, பூசாரியும் கிடையாது. ஒரு பீடம், இரண்டு கல். வருசம் பூரா அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. பங்குனி உத்திரத்தன்று மட்டும் சென்னை, மும்பை என்று கடை போட்டிருக்கும் பங்காளிகள் எல்லாம் பானையும் அரிசியுமாக வந்து இறங்குவார்கள். பொங்கி, படைத்து, சாப்பிட்டு, சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவார்கள். மற்ற நாளில் அந்த மரத்தடியைக் கூட்டி, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததெல்லாம் பெரியம்மா ஒருத்திதான். ஒரு பங்காளியும் ஒரு விளக்குமாறு வாங்கிக் கொடுத்ததில்லை.

அந்த நிலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்! செங்கல் சூளைக்காரன் விறகுக்குப் பனை கேட்டு வந்தான். அவன் லாரிக்கு முன்னால் அரிவாளோடு போய் நின்றாள். பிளாட் போடுகிறவன் வந்தான். சோலார் போடுகிறவன் வந்தான். எல்லாரையும் திட்டியே அனுப்பினாள். அதற்குள் முழங்கால் போய்விட்டது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த நேரம் பார்த்து எவனோ வடக்கு ஓரத்துப் பனைகளை வெட்டிக்கொண்டு போனான். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் மும்பையில் இருந்துகொண்டு, எப்போது விற்கலாம் என்று போனில் கேட்டார்கள். நான் செத்த மறுநாளே இது சூளைக்குப் போய்விடும் என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே கிடையாது.

அப்போதுதான் பெங்களூர் கம்பெனி வந்தது. தேரி நிலத்தை மொத்தமாக வாங்கி, வசதியான ஆட்களுக்குப் பங்கு பங்காக விற்பார்கள். லீவுக்கு வந்து கூடாரத்தில் தங்கலாம், நிலம் விலை ஏறினால் லாபம், கூடவே காட்டைக் காப்பாற்றிய புண்ணியம். ஒரே கல்லில் மூன்று மாங்காய். கம்பெனியிலிருந்து வந்த ஷாம் என்ற பையன் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். தருவைக்கு வரும் கொக்கு, நாரை ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னான். ஒரு மரத்தைக்கூட வெட்டமாட்டோம் என்றான். சாஸ்தாவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஆட்கள் வருவார்கள் என்று பெரியம்மா சொன்னதற்கு, "இது உங்க இடம்மா" என்றான். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டாள்.

பத்திரம் எழுதும்போது நானும் இருந்தேன். கோயிலுக்குப் போகிற வழியைத் தனியாக எழுதட்டுமா என்று பத்திர எழுத்தர் இரண்டு தடவை கேட்டார். பெரியம்மா அவர்மேல் பாய்ந்துவிட்டாள்.

"சாஸ்தாவுக்குப் போற வழிய எவனாவது எழுதி வாங்குவானா? எழுதினா, அடைக்கலாம்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரில்லா ஆவும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். எத்தனையோ கை மாறிய நிலத்தில் எல்லாம் சாமிக்குப் போகிற வழி இருக்கத்தான் செய்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு எழுதுவார்கள், வரப்புக்கு எழுதுவார்கள், சாமிக்கு எழுதுவதில்லை. பெங்களூர்க்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? எழுதாதது இல்லாதது என்பது அவன் கணக்கு.

ஆறே மாதத்தில் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பெரிய இரும்புக் கேட் வந்தது. மனித நடமாட்டம் பறவைகளுக்கு இடையூறு என்று போர்டு வந்தது. மனிதர் என்றால் நாங்கள். சனி ஞாயிறு ஜீப்பில் வந்து, தருவைக் கரையில் ராத்திரி பூரா பாட்டுப் போட்டு ஆடுகிறவர்கள் இடையூறு இல்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு போன பெரியம்மாவைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே நெருப்புக் கூடாதாம். ஷாமுக்குப் போன் போட்டால் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவள் எண்ணெயைக் கேட்டுக்கு முன்னாலேயே கொட்டிவிட்டு வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருசம் பங்குனி உத்திரம் வந்தது. வேனும் காருமாகப் பங்காளிகள் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். காவலுக்கு ஜேசுதாசன் இருந்தார். மணப்பாட்டுக்காரர், கிறிஸ்தவர், வயசானவர், கடலுக்குப் போக முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். பங்கு வாங்கிய ஆள் கூட இருந்தால் நாலு விருந்தாளியை உள்ளே விடலாம், வேறு யாரையும் விடக்கூடாது என்று சங்கடத்தோடு சொன்னார். "நான் வேதக்காரன், எனக்கே இது நல்லால்ல அண்ணாச்சி" என்றும் சொன்னார்.

உடனே எல்லாரும் பெரியம்மா பக்கம் திரும்பினார்கள். கம்பெனியைத் திட்ட ஒருத்தனுக்கும் துப்பில்லை. எல்லாரையும்விட அதிகம் சத்தம் போட்டது வன்னியபெருமாள் சித்தப்பா. பெரியப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, சென்னையில் மூன்று மளிகைக்கடை.

"குலதெய்வத்தையே வித்துத் தின்னுட்டியளே மைனி. எங்க சந்ததி இனி எங்க போய் நிக்கும்?"

அத்தனை பேருக்கு முன்னால் கேட்டார். பெரியம்மாவின் வாய் அடைத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். சித்தப்பாவாக இல்லாவிட்டால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பாவின் மகன் ஜெயகணேஷ் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சூதுவாது தெரியாத பையன். எல்லாரும் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்துக் கேட்டில் காட்டினான். கேட் திறந்தது.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா பேர்லதான் பங்கு வாங்கியிருக்கேன் பெரியம்மா. போன மாசம்கூட அப்பாவும் அம்மாவும் ரெண்டு நாள் தங்கிட்டுப் போனாங்களே, சொல்லலையா?"

சித்தப்பா சொல்லவில்லை. கூடாரத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். போனதோடு விட்டாரா? வந்து நின்று மைனியைக் கேள்வி கேட்கிறார். இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகப் பெரியம்மா பக்கத்தில் வந்து, நாலு பேருக்கு இடம் இருக்கிறது, முதலில் நீங்கள் வாருங்கள் என்று குழைந்தார்.

பெரியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. ஜேசுதாசனிடம் போனாள். நாலு பேர் என்றால் ஒரு தடவைக்கு நாலு பேரா, ஒரு நாளைக்கே நாலு பேர்தானா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்.

"ஒரு தடவைக்குன்னுதான் எனக்குச் சொல்லியிருக்காவ. எத்தனை தடவைன்னு சொல்லல. ஆனா பங்குக்காரர் கேட்டுலயே நிக்கணும்."

"நிப்பான்" என்றாள் பெரியம்மா. வாய் திரும்பிவிட்டது. "ஏலே வன்னியபெருமாளு, இங்கன வா. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. உள்ளயும் போவாத, வெளியவும் வராத."

ரோட்டோரத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். உள்ளே நெருப்புக் கூடாதே. பங்குனி வெயிலில் செம்மணல் கொதித்தது. பொங்கல் பானையோடு நாலு நாலு பேராக உள்ளே போய், சாஸ்தாவுக்குப் படைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெயகணேஷ் போனில் பேர் அடித்தான். விருந்தாளி, விருந்தாளி என்று எங்கள் வம்சம் முழுக்க அதில் ஏறியது. சித்தப்பா பட்டு வேட்டி வேர்வையில் நனைய, ஒரு கையால் கேட்டைப் பிடித்தபடி நின்றார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு பிள்ளை அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனபோதும் பெரியம்மா தடுக்கவில்லை. அவ்வளவு கொடுமைக்காரி இல்லை அவள்.

கடைசியாக அவளும் நானும்தான் மிச்சம். பேர் கேட்டான் ஜெயகணேஷ். அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. முப்பது வருசம் அந்த மரத்தடியைக் கூட்டியவள் நின்று தன் பேரைச் சொன்னாள். அவள் கண் நிறைந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை வாங்கி மணலில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பையன் என்ன செய்வான்?

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது சித்தப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மைனி, காலையிலேருந்து நிக்கேன். நானும் ஒரு எட்டு சாஸ்தாவைக் கும்பிட்டுட்டு வந்திரட்டுமா?"

பெரியம்மா நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீதான் போன மாசமே வந்து பாத்துட்டியல்லா."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். சித்தப்பா கேட்டைப் பிடித்தபடி நின்றார்.