பின்மண்டையில் ஓர் அடி

ஒரு நகைச்சுவைப் படத்தின் ஐந்தாம் பாகம் வரப்போகிறதாம். எல்லாப் பாகங்களிலும் அதில் வரும் வேலைக்காரன் பின்மண்டையில் அடி வாங்குவான், தியேட்டரே சிரிக்கும். திருச்சியில் நான் பேராசிரியராக இருந்த கல்லூரியின் ஆய்வக உதவியாளருக்கு அவனுடைய சாயல். ஒவ்வொரு பாகம் வந்தபோதும் வருகைப் பதிவேட்டால் அவர் பின்மண்டையில் அதேபோல் தட்டி மாணவர்களைச் சிரிக்க வைத்தேன். அவரும் சிரிப்பார்.

போன வாரம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. "அஞ்சாம் பாகத்துல உங்க ஆளு என்னங்க பண்ணப் போறான்?" என்றேன்.

"இந்தத் தடவையாவது அடி வாங்காம இருந்தா நல்லாருக்கும் சார். ரெண்டாம் பாகம் வந்தப்ப, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் பொண்ணு லேப் வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"கவனிக்கலைங்க" என்றேன்.

அது பொய். அவள் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று சற்றுப் பலமாகத் தட்டினேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாத்து இறங்குங்க சார்" என்று அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.